காளான் சாப்பிட்டால் அல்புமின் ஏறுமா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார். அப்பாவின் இரத்தப் பரிசோதனையில் அல்புமின், அதாவது ஈரல் செய்து இரத்தத்தில் விடும் ஒரு புரதம், 3.1 என்று வந்திருக்கிறது. 100 மில்லிலீற்றருக்கு 3.5 முதல் 5 கிராம் வரை இருக்கவேண்டும். அப்பா மச்சம் தொடமாட்டார், முட்டையும் இல்லை. பக்கத்து வீட்டு அன்ரி, "காளான்தான் சைவக்காரருக்கு இறைச்சி, ஒவ்வொரு நாளும் குடுங்கோ" என்கிறாராம். கொடுத்தால் ஏறுமா?

முதலில் காளானின் கணக்கு. பச்சைச் சிப்பிக் காளான் 100 கிராமில் புரதம் ஏறக்குறைய 3 கிராம்தான்; மிச்சம் பெரும்பாலும் தண்ணீர். உலர்ந்த காளான் பக்கற்றில் பெரிய எண் போட்டிருந்தால் கொஞ்சம் சந்தேகப்படுங்கள். ஆய்வுகூடங்களில் வழக்கமாக, 1883இல் டென்மார்க்கின் இரசாயனவியலாளர் கெல்டால் காட்டிய வழியில் நைதரசனை அளந்து, புரதத்தைக் கணக்கிட 6.25ஆல் பெருக்குவார்கள். காளானின் கலச்சுவரிலோ கைற்றின் இருக்கிறது, இறால் கோதில் உள்ள அதே பொருள். அதிலும் நைதரசன் உண்டு, ஆனால் அது புரதம் அல்ல. அதனால் காளானுக்கு 4.38ஆல் பெருக்குவதே வழக்கம். 6.25 போட்டால் புரதம் சும்மா கூடித் தெரியும்.

சரி, சாப்பிட்டாயிற்று. புரதம் அமினோ அமிலங்களாக உடைந்து, குடலிலிருந்து இரத்தத்தோடு நேரே ஈரலுக்குப் போகிறது. பள்ளியில் படித்ததுதான். எனக்குப் பிடித்த இடம் இதற்குப் பிறகு வருகிறது.

ஈரல் கலத்துக்குள் அல்புமினுக்கான தூது ஆர்என்ஏ, அதாவது அதைச் செய்யும் குறிப்பு, ஒரு நீளமான இழையாகக் கிடக்கிறது. அதன்மேல் றைபோசோம்கள் என்ற, புரதம் கோக்கும் நுண்பொறிகள் ஒன்றன்பின் ஒன்றாக ஏறுகின்றன. ஒவ்வொன்றும் நகர நகர, பம்பலப்பிட்டிக் கோயிலடியில் பூக் கட்டுபவரின் விரல்போல, அமினோ அமிலங்களை ஒழுங்கு மாறாமல் கோத்துப்போகிறது. கடைசியில் இரத்தத்துக்குள் போகும் அல்புமினில் 585 இருக்கும். பட்டினி கிடந்தால் என்ன ஆகும்? இழை அப்படியே இருக்க, றைபோசோம்கள் பல கழன்றுவிடும். சாப்பிட்டுச் சில மணித்தியாலங்களில் திரும்பி வந்து ஏறிவிடும்! கோக்கும் லைசின் என்ற அமினோ அமிலம் காளானிலிருந்து வந்ததா, பருப்பிலிருந்து வந்ததா என்பது றைபோசோமுக்குத் தெரியவே தெரியாது.

இப்படி ஈரல் நாளொன்றுக்கு 10 முதல் 15 கிராம் அல்புமின் செய்கிறது. இரத்தத்தில் அதன் அரைவாழ்வு, அதாவது பாதி கழிய எடுக்கும் காலம், ஏறக்குறைய மூன்று வாரம். ஆகவே நேற்றைய காளான் கறி இன்றைய றிப்போர்ட்டில் தெரியாது. தேவைக்கு மிஞ்சிய அமினோ அமிலங்களைச் சேர்த்துவைக்க உடம்பில் களஞ்சியமும் இல்லை. நைதரசன் யூரியாவாகி வெளியேறிவிடும்.

இதற்குள் காளான் பவுடரை மருந்தென்று விற்பவர்களைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. அந்தக் காசில் எங்கள் சோறும் பருப்பும் காளானும் ஒரே தட்டில் எவ்வளவு சமிக்கிறது என்று ஒரு பல்கலைக்கழக மாணவியை அளக்கவிடலாம்.

வாசகிக்கு வருகிறேன். ஓரளவு சாப்பிடும் ஒருவருக்கு அல்புமின் குறைந்தால் பெரும்பாலும் காரணம் சாப்பாடு அல்ல. சிறுநீரகம் அல்புமினைச் சிறுநீரில் ஒழுகவிடலாம், ஈரல் பழுதாகியிருக்கலாம். உடம்பில் எங்காவது அழற்சி இருந்தாலும் ஈரல் அல்புமினைத் தள்ளிவைத்துவிட்டு சி.ஆர்.பி. போன்ற வேறு புரதங்களைக் கோக்கத் தொடங்கும். அப்பாவுக்குக் கால் வீங்குகிறதா? சிறுநீர் நுரைக்கிறதா? சிறுநீரில் புரதம் பார்த்தீர்களா? காளானை நன்றாக வேகவைத்து, பருப்போடு தாராளமாகக் கொடுக்கலாம். ஆனால் சிறுநீரகத்தில்தான் பிழை என்றால், புரதத்தைக் கூட்டுவதா குறைப்பதா என்று சொல்லவேண்டியவர் வைத்தியர், அன்ரி அல்ல.