சீவ் பெட் மணி வடாம் இல்லங்க, மொட்டை மாடில காய வைக்காதீங்க

போன வாரம் கும்பகோணம் பக்கம் ஒரு வீட்டுக்கு சர்வீஸுக்கு போனேன். ஆக்ஸிஜன் கான்சென்ட்ரேட்டர், அதாவது காத்துல இருந்து ஆக்ஸிஜன பிரிச்சு தர மெஷின், நிமிஷத்துக்கு 5 லிட்டர் வகை, 2021ல ரெண்டாவது அலை அடிச்சப்ப அவசர அவசரமா வாங்கினது, அப்புறம் கட்டிலுக்கு அடியிலயே கிடந்திருக்கு. இப்ப பெரியவருக்கு சிஓபிடி (நாள்பட்ட நுரையீரல் அடைப்பு நோய்), மூச்சு வாங்குதுன்னு எடுத்து ஆன் பண்ணா மஞ்சள் லைட் எரிஞ்சு பீப் பீப்னு கத்திருக்கு. ஏசி மெக்கானிக் ஒருத்தர கூப்பிட்டிருக்காங்க, அவரு சீவ் பெட் ரெண்டையும், அதாவது காத்த வடிகட்டற மணி ரொப்பின டப்பாக்கள, கழட்டி மூடிய திறந்து உள்ள இருந்த கடுகு மாதிரி வெள்ளை மணியெல்லாம் நியூஸ்பேப்பர்ல கொட்டி மொட்டை மாடில ரெண்டு நாள் காய வச்சு திரும்ப ரொப்பி மூடிட்டாரு. பீப் நிக்கல. அதனால லைட் மேல பிளாஸ்டர் ஒட்டி, பஸ்ஸர் வயர பிடுங்கிட்டாங்க. வைத்தியம் முடிஞ்சுது!

ஆக்ஸிஜன் எத்தனை சதவீதம்னு காட்டற அனலைசர மாட்டி பாத்தேன், 3 லிட்டர்ல 34%. நாம சும்மா இழுக்கற காத்துலயே 21 இருக்கு.

"இல்ல சார், நல்லா வருது பாருங்க"ன்னு மகன் ஒரு டம்ளர் தண்ணில டியூப விட்டு காட்டறாரு, பொளபொளன்னு குமிழி. இந்த டம்ளர் டெஸ்ட பாத்து பாத்து எனக்கு அலுத்துப் போச்சு, இந்த மாசம் மட்டும் இது மூணாவது வீடு. குமிழி வந்தா கம்ப்ரசர் ஓடுதுன்னு அர்த்தம், அவ்ளோதான். மீன் தொட்டி மோட்டார்லயும் குமிழி வரும், அத மூக்குல வச்சுப்பீங்களா? ஃப்ளோ மீட்டர்ல குண்டு 5ல நிக்கறதும் அப்படித்தான், எவ்ளோ காத்து வருதுன்னு சொல்லும், என்ன காத்துன்னு சொல்லாது. விரல்ல மாட்டற ஆக்ஸிமீட்டரும் மெஷின பத்தி ஒண்ணும் சொல்லாது, அது ஆளோட ரத்தத்த பாக்குது. இன்னொருத்தர் வீட்ல டியூப் முன்னாடி ஊதுபத்திய காட்டி "பிரகாசமா எரியுது சார்"னாங்க, எனக்கு ஈரக்கொலையே நடுங்கிடுச்சு. தயவு செஞ்சு அத பண்ணாதீங்க, முகத்துலயே தீப்பிடிக்கும்.

மெஷின் ஆக்ஸிஜன தயார் பண்றதில்ல. காத்துல இருக்கற 78% நைட்ரஜன அந்த மணி பிடிச்சு வச்சுக்குது, மிச்சம் வெளிய வருது. மணியோட பேரு ஜியோலைட், 13எக்ஸ் இல்லன்னா லித்தியம் போட்ட வகை, உள்ள பூரா கண்ணுக்கு தெரியாத துவாரம் உள்ள படிகம். காத்துல இருக்கற ஆர்கான்ங்கற வாயுவ அது பிரிக்காது, அதனால நல்ல மெஷினே 95, 96 தாண்டாது, 100% தருதுன்னு எவனாவது வித்தா திருப்பி அனுப்புங்க.

இந்த மணிக்கு நைட்ரஜன விட பல மடங்கு ஆசை தண்ணி மேல. காஞ்ச ஜியோலைட் கொஞ்சம் உள்ளங்கைல வச்சு ஒரு சொட்டு தண்ணி விட்டா கை சுடும், அவ்ளோ வெறியா இழுக்கும். ட்ரெயினிங்ல எங்களுக்கு அத செஞ்சு காட்டினாங்க, இன்னும் மறக்கல. அப்படிப்பட்டத டெல்டா ஈரக்காத்துல ரெண்டு நாள் பரப்பி வச்சா காயுமா? மாடி காத்துல இருந்த ஈரத்தையெல்லாம் குடிச்சிட்டு வந்திருக்கு. அந்த தண்ணிய வெளியேத்த காஞ்ச வாயு ஓட விட்டுகிட்டே 300 டிகிரிக்கு மேல சூடு பண்ணணும், அதுவும் மெதுவா. ஈரத்தோட சட்டுனு அடுப்புல ஏத்தினா அந்த நீராவியே படிகத்த உடைச்சிடும், உடைஞ்ச படிகத்த ஒட்ட வைக்க முடியாது. வீட்டு ஓவன்ல வச்சு பாக்கலாமான்னு கேக்கறவங்களுக்கும் இதுதான் பதில்.

அந்த மகன் கெமிக்கல் இன்ஜினியரிங் படிச்சவரு, "லேப்ல டிஃபெக்ட சரி பண்றாங்களே சார்"னாரு. பண்றாங்க. வாயுவ பிரிக்கற மெல்லிய சவ்வுல (மெம்ப்ரேன்) இருக்கற விரிசல சிலிகான் ரப்பர் பூசி அடைப்பாங்க, மாஃப்னு சொல்ற, உலோகமும் கரிமச் சேர்மமும் சேர்ந்த துவாரப் படிகத்துல விட்டுப்போன இணைப்புகள கரைசல்ல ஊற வச்சு திரும்ப சேர்ப்பாங்க. அதெல்லாம் ஆராய்ச்சி. உங்க டப்பால இருக்கறது அழுத்தமா ரொப்பின மணி, லூசா ரொப்பினா ஒண்ணோட ஒண்ணு உரசி மாவாகி வால்வ அடைக்கும், இங்க அதுவும் நடந்திருந்துச்சு. சில பேரு பழைய மணிய கொட்டிட்டு கடைல கிடைக்கற "மாலிக்யூலர் சீவ்" வாங்கி ரொப்பறாங்க. 3ஏ வகை ஈரத்த எடுக்கறதுக்கு, ரெட்டைக் கண்ணாடி ஜன்னல்ல போடறது, அதுல நைட்ரஜன் நுழையவே நுழையாது.

பெட் போச்சுன்னா சீல் பண்ணி வர புது பெட் மாத்துங்க, மூடிய கடைசி நிமிஷத்துல கழட்ட சொல்லுங்க. சும்மா வச்சிருந்தாலும் மாசத்துக்கு ஒரு தடவையாவது சில மணி நேரம் ஓட விடுங்க. வாரா வாரம் ஃபில்டர கழுவி நல்லா காய வச்சு போடுங்க, ஈரமா போடாதீங்க, கெஞ்சி கேக்கறேன். சாம்பிராணி, கொசுவத்தி அந்த ரூம்லயே வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை, பேஷன்ட் எத்தனை லிட்டர் வச்சுக்கறாரோ அந்த லிட்டர்லயே அனலைசர் வச்சு பாக்க சொல்லுங்க, ஏன்னா தேய்ஞ்ச பெட் 1 லிட்டர்ல நல்ல பிள்ளையா 90 காட்டும், 5ல கவுத்துடும். 82%க்கு கீழ போனா அலாரம் அடிக்கணும்னு உலக சுகாதார நிறுவனமே சொல்லுது, அந்த வயர பிடுங்காதீங்க! எத்தனை லிட்டர்னு டாக்டர்தான் சொல்லணும், சிஓபிடிக்கு பொதுவா ஆக்ஸிமீட்டர்ல 88ல இருந்து 92தான் இலக்கு, ஏத்தி வச்சாலும் ஆபத்து. மூச்சு திணறுனா எனக்கு போன் போடாதீங்க, 108க்கு போடுங்க.

பெரியவர அன்னிக்கே ஆஸ்பத்திரில சேர்த்தாங்க, நாலு நாள்ல வீட்டுக்கு வந்துட்டாரு. ரெண்டு பெட்டையும் மாத்தி, வால்வ துடைச்சு போட்டேன், 3 லிட்டர்ல 94 காட்டுது. கிளம்பும்போது பழைய மணிய கவர்ல போட்டு கைல வச்சுகிட்டு மெக்கானிக் தம்பி கேக்கறாரு, "சார், இத செடிக்கு போடலாமா?"