தோட்டாவா, குழலா?

வியாசர்பாடியில் எங்கள் தெருவில் ‘மிலிட்டரிக்காரர்’ என்று எல்லோரும் கூப்பிடும் ஒருவர் இருக்கிறார். ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்று, ஒரு பாங்க் வாசலில் 12 போர் (குழலின் அகலத்தைக் குறிக்கும் எண்; எண் ஏற ஏற அகலம் குறையும்) இரட்டைக்குழல் துப்பாக்கியோடு காவல் நிற்பவர். துப்பாக்கி அவருடைய சொந்த லைசென்ஸில் உள்ளது. போன முறை பயிற்சிக்குச் சுடப் போனபோது ஒரு தோட்டா ‘டமார்’ என்பதற்குப் பதிலாக ‘புஸ்’ என்றது. சரி, போய்விட்டது என்று நினைத்து அதே குழலில் அடுத்த தோட்டாவைப் போட்டுச் சுட்டார். இந்த முறை சத்தம் வந்தது. தோளில் வழக்கத்தைவிடப் பலமான இடியும் விழுந்தது. வீட்டுக்கு வந்து குழலைத் துடைக்கும்போதுதான் கையில் தட்டுப்பட்டது. வாயிலிருந்து ஒரு சாண் தள்ளி, குழலைச் சுற்றி மோதிரம் போட்டதுபோல ஒரு புடைப்பு.

போனில் படம் பிடித்து லேத் பட்டறைக்காரரிடம் காட்டினார். “இத்த நான் தொட மாட்டேன்ணா, லைசென்ஸ் சமாச்சாரம். அதுவுமில்லாம, தட்டி நிமித்திட்டா இன்னா நடந்துச்சுன்னே தெரியாமப் பூடும். கம்பெனிக்கு எழுதிப் போடுண்ணா” என்றார் அவர். அதைவிட நல்ல யோசனையை ஒரு வக்கீல்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

துப்பாக்கி செய்த கம்பெனியிலிருந்து பதில் வந்தது. வருத்தம் தெரிவிப்பது ஒரு வரி, மீதியெல்லாம் கேள்வி. எந்தத் தோட்டா? பெட்டியில் அச்சிட்டிருக்கும் லாட் எண் என்ன? அந்தப் பெட்டியில் மிச்சம் எத்தனை? சுட்ட வெற்றுத் தோட்டாக்கள் இருக்கின்றனவா? தோட்டாக்களை எங்கே வைத்திருந்தீர்கள்? கடைசியில், தடித்த எழுத்தில்: துப்பாக்கியைத் துடைக்க வேண்டாம், அப்படியே லைசென்ஸ் பெற்ற டீலர் மூலம் அனுப்பவும். மிலிட்டரிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். முப்பது வருஷப் பழக்கம். எண்ணெய் போட்டுப் பளபளவென்று துடைத்து முடித்திருந்தார்.

இத்தனை கேள்வி கேட்பது தட்டிக்கழிக்கத்தான் என்று அவர் கோபப்பட்டார். பாதி உண்மை. மீதிப் பாதி புரிய வேண்டுமானால், தோட்டாவுக்குள் என்ன நடக்கிறது என்று பார்க்க வேண்டும்.

சமையலறைக் குக்கர் விசில் அடிக்கும் நேரத்தில் உள்ளே இருக்கும் கூடுதல் அழுத்தம், ஒரு சதுர சென்டிமீட்டருக்குச் சுமார் 1 கிலோ. சாதாரண 12 போர் தோட்டா வெடிக்கும்போது துப்பாக்கியின் அறையில், அதாவது தோட்டா உட்காரும் பின்பகுதியில், அது பல நூறு கிலோவாக ஏறுகிறது. சர்வதேச அளவுகோல் இதற்கு வைத்திருக்கும் உச்ச வரம்பு 740 பார் (ஒரு பார் என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 1 கிலோ). இதைத் தாங்கத்தான் குழல் பின்பக்கத்தில் தடிமனாக இருக்கும். ஈயக் குண்டுகள் முன்னே நகர நகர வாயு விரிய இடம் கிடைத்து அழுத்தம் சரசரவென்று இறங்கிவிடும். அதனால் வாய்ப்பக்கம் குழலின் சுவரை மெல்லியதாகவே செய்கிறார்கள். தூக்கி நிற்பவருக்குக் கனம் குறையும். அங்கே பெரிய அழுத்தம் வராது என்ற நம்பிக்கையில் செய்த இடம் அது.

மிலிட்டரிக்காரரின் குழல் புடைத்தது சரியாக அங்கேதான். இதிலேயே பாதிக் கதை வந்துவிட்டது. தோட்டாவில் வெடிமருந்து அதிகமாகிப்போனால் அடி விழுவது பின்னால், அறையில். அப்போது உலோகம் பெரும்பாலும் நீளவாக்கில் பிளக்கும். கோடையில் லாரித் தண்ணீர் இறக்கும் ஹோஸ் பைப் கிழிவதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் நீளமாகத்தான் கிழியும். உருளைக்குள் அழுத்தம் ஏறினால், சுற்றளவை விரிக்கப் பார்க்கும் இழுவிசை, நீளத்தை இழுக்கும் விசையைப்போல் இரண்டு மடங்கு. அதனால்தான் இப்படி. எண்ணூர்ப் பக்கம் பாய்லர் வேலை பார்த்தவர்களைக் கேளுங்கள், பிளந்த குழாயின் திறப்பை ‘மீன் வாய்’ என்பார்கள். காசிமேட்டில் வஞ்சிரம் வாய் திறந்து கிடப்பதைப் பார்த்தவருக்கு வேறு விளக்கம் தேவையில்லை.

ஆனால் இது மோதிரப் புடைப்பு. குழலுக்குள் ஏதோ அடைத்துக்கொண்டு நின்றது, அடுத்த குண்டு வேகமாக வந்து அதன்மேல் மோதியது என்பதற்கு அடையாளம். மோதிய இடத்தில் மட்டும் அழுத்தம் ஒரு கணம் எகிறிச் சுவரை வெளியே தள்ளிவிடுகிறது. இதே வகையில் இன்னும் பயங்கரமான ஒன்று உண்டு. அளவில் சின்னதான 20 போர் தோட்டா 12 போர் அறைக்குள் வழுக்கிப்போய்க் கொஞ்ச தூரத்தில் சிக்கிக்கொள்ளும். பின்னால் பார்த்தால் அறை காலியாகத் தெரியும். அதன்மேல் ஒரு 12 போர் தோட்டாவைப் போட்டுச் சுட்டால் குழலே வெடித்து, பிடித்திருக்கும் கையும் போகும். 20 போர் தோட்டாவுக்கு மஞ்சள் நிறம் கொடுக்கும் வழக்கம் இதற்காகத்தான்.

அப்படியானால் இங்கே அடைத்தது எது? ‘புஸ்’ என்று போன அந்த முதல் தோட்டா. மருந்து குறைவாக இருந்தாலோ சரியாகப் பற்றாமல் போனாலோ, குண்டுகளுக்குப் பின்னால் இருக்கும் அடைப்பான் குழலைத் தாண்டி வெளியே போகாமல் நடுவிலேயே நின்றுவிடும். சத்தம் வித்தியாசமாக இருந்தால் அடுத்ததைப் போடவே கூடாது. வாயைப் பாதுகாப்பான பக்கம் காட்டியபடி அரை நிமிஷமாவது காத்திருந்து, தோட்டாவை எடுத்துவிட்டு, குழலுக்குள் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். மிலிட்டரிக்காரருக்கு இது தெரியாததல்ல. வரிசையில் பின்னால் ஆள் நின்றால் எல்லோருக்கும் அவசரம்தான்.

துப்பாக்கிக் கம்பெனி அடுத்த கடிதத்தில் தன் பக்கத்தைச் சொன்னது. குழல் விற்பனைக்கு வருமுன்பே கூடுதல் அழுத்தத் தோட்டா போட்டுச் சோதித்து முத்திரை குத்தப்பட்டது என்றார்கள். இது பழைய முறை. லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கத்துக்கு 1637லேயே இதற்கு அரச சாசனம் கிடைத்தது. இன்றைய சர்வதேச அளவில், 740 பார் துப்பாக்கியை 930 பார் தோட்டாவால் சோதிக்கிறார்கள். ஆனால் என்னைக் கேட்டால், இந்த முத்திரையை மட்டும் காட்டிக் கையைக் கழுவுவது நியாயமில்லை. அது பிறந்த அன்று எடுத்த சான்றிதழ். பின்னால் உலோகத்தில் விரிசல் வளர்ந்திருக்கலாம்.

அதையும் பார்க்க வழி உண்டு. விரிசல் விட்ட இடத்தை உருப்பெருக்கியில் வைத்தால் உலோகம் தானே பேசும். ஒரே அடியில் உடைந்த பரப்பு புதிதாக, ஒரே மாதிரி இருக்கும். பல நாள் கொஞ்சம் கொஞ்சமாக வளர்ந்த விரிசலில், வற்றும் அலை மணலில் விட்டுப்போகும் வரிகளைப்போல வளைவு வளைவாகக் கோடுகள் தெரியும். பொறியாளர்கள் அவற்றைக் கடற்கரைக் கோடுகள் என்றே அழைக்கிறார்கள். உள்ளே துரு இருந்தால் விரிசல் பழையது. இந்தக் குழலில் புடைப்பைச் சுற்றி விரிசலும் இல்லை, துருவும் இல்லை. உலோகம் நன்றாக நீண்டு கொடுத்திருந்தது. நொறுங்கும் தன்மையுள்ள மட்டமான எஃகாக இருந்திருந்தால் இப்படிப் புடைப்பதற்குப் பதில் சிதறியிருக்கும்.

பந்து இப்போது தோட்டா செய்த கம்பெனியிடம். வெடிபொருளைத் தபாலில் அனுப்பக் கூடாது என்பதால் மிச்சமிருந்த 7 தோட்டாக்கள் டீலர் வழியாகவே போயின. அங்கே சிலவற்றைப் பிரித்து மருந்தை எடை போட்டார்கள். ஒரு தோட்டாவில் இருப்பது ஒன்றரை கிராம் சொச்சம்தான், ஆகையால் மில்லிகிராம் தராசு வேண்டும். மற்றவற்றைச் சோதனைக் குழலில் சுட்டு அழுத்தம் பார்த்தார்கள். அதற்கு உதவுவது அழுத்தினால் மின்னேற்றம் தரும் குவார்ட்ஸ் படிகம். 1880ல் கியூரி சகோதரர்கள் கண்ட குணம் அது. ஏழும் சரியாக இருந்தன. ‘எங்கள் சரக்கில் குறையில்லை, நீங்கள் வைத்திருந்த விதத்தில்தான் ஏதோ’ என்று பதில் வந்தது.

இங்கேதான் நான் கொஞ்சம் சூடானேன். தகரக் கூரை வீட்டு வெயில் மருந்தைக் கெடுக்கும் என்பது உண்மை. புகையில்லா மருந்தின் அடிப்படையான நைட்ரோசெல்லுலோஸ் சூட்டில் மெல்லச் சிதையும். அதைத் தடுக்கச் சேர்க்கும் பொருளும் ஒருநாள் தீரும். ஆனால் ‘புஸ்’ என்று போன தோட்டாவும் இந்த ஏழும் அதே பீரோவில், அதே பெட்டியில் இருந்தவை. ஏழும் நன்றாக இருக்கும்போது பீரோவை எப்படிக் குற்றம் சொல்வது? மருந்து நிரப்பும் இயந்திரம் ஆயிரக்கணக்கில் ஒன்றைத் தவறவிடுவதற்கு, பக்கத்தில் இருந்த ஏழும் சாட்சி சொல்லவே முடியாது.

சாட்சி சொன்னவை வெற்றுத் தோட்டாக்கள். பாங்கில் கணக்குக் காட்டுவதற்காக மிலிட்டரிக்காரர் அவற்றை ஒரு கவரில் போட்டு வைத்திருந்தார். முழு அழுத்தத்தில் வெடிக்கும் தோட்டாவின் உறை சட்டென்று விரிந்து அறைச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும். வாயு பின்னால் கசியாது, வெளிப்பக்கம் சுத்தமாக இருக்கும். அழுத்தம் குறைந்தால் உறை விரியாது. புகை பக்கவாட்டில் ஒழுகி வந்து உறையின் வெளியே கரி பூசும். கவரில் இருந்ததில் ஒன்று மட்டும், அடுப்படிக் கிடுக்கிபோல் ஒரு பக்கம் முழுக்கக் கறுத்திருந்தது. உள்ளே எரியாத மருந்துத் துணுக்குகளும் ஒட்டியிருந்தன.

அதைப் படம் எடுத்து இரண்டு கம்பெனிக்கும் அனுப்பினோம். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் பொருள் பொறுப்புக்குத் தனி அத்தியாயமே இருக்கிறது, ஆணையம் பொருளை ஆய்வகத்துக்கு அனுப்பிச் சோதிக்கச் சொல்லலாம் என்றும் கடைசியில் ஒரு வரி சேர்த்தோம். மூன்று வாரம் கழித்துத் தோட்டாக் கம்பெனி, குழல் மாற்றும் செலவை ஏற்பதாக எழுதியது. குறை ஒப்புக்கொண்டதாக எங்கேயும் எழுதவில்லை. ‘நல்லெண்ண அடிப்படையில்’ என்று இருந்தது.

அந்தக் கறுத்த உறையைத் திருப்பித் தரச் சொல்லியும் கேட்டிருந்தார்கள். “ஜெராக்ஸ் எடுக்க முடியாதாண்ணா இத்த?” என்றார் லேத் பட்டறைக்காரர்.