படை அகாடமியின் மெடிக்கல் உடலில் எதைத் தேடுகிறது?

புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கிறது தேசிய பாதுகாப்பு அகாடமி. அதில் சேரப் பதினாறரை வயது நிறைந்திருக்க வேண்டும், பத்தொன்பதரையைத் தாண்டியிருக்கக் கூடாது. முதலில் யு.பி.எஸ்.சி. நடத்தும் எழுத்துத் தேர்வு, 900 மதிப்பெண். அதில் தேறினால் 5 நாள் எஸ்.எஸ்.பி. (படைத் தேர்வு வாரிய) நேர்காணல், அதற்கும் 900. இரண்டிலும் தேறியவர்களை ராணுவ மருத்துவமனைக்கு அனுப்புகிறார்கள். அங்கே மதிப்பெண் கிடையாது. ‘ஃபிட்’ அல்லது ‘அன்ஃபிட்’, அவ்வளவுதான்.

சேலம் பக்கத்து ஓமலூரிலிருந்தோ வாழப்பாடியிலிருந்தோ போன பிள்ளை, நாடு முழுக்கப் பல லட்சம் பேர் எழுதும் தேர்வைத் தாண்டி, எஸ்.எஸ்.பி.யையும் தாண்டி, கடைசியில் மெடிக்கலில் நின்றுவிட்டு வீடு திரும்புகிறது. “ஒரு நாள் காய்ச்சல்னு படுத்ததில்லையே, இவனுக்கு என்ன குறை?” என்று அம்மா கேட்கிறார். நியாயமான கேள்வி. பெரும்பாலும் அந்தப் பிள்ளைக்கு நோய் எதுவும் இருக்காது. படை மருத்துவம் கேட்கிற கேள்வியே வேறு என்பதுதான் விஷயம்.

நம் ஊர் மருத்துவர் ஒரு உடலைப் பார்க்கும்போது, இப்போது தொந்தரவு இருக்கிறதா என்று பார்க்கிறார். படை மருத்துவரோ, இந்த உடல் இன்னும் இருபது ஆண்டுகளில் எங்கெல்லாம் போய் நிற்கும், அங்கே இது தாங்குமா என்று பார்க்கிறார். பித்தப்பையில் சத்தமில்லாமல் கிடக்கும் ஒரு சிறு கல்லை எடுத்துக்கொள்ளுங்கள். வலி இல்லையென்றால் விட்டுவிடலாம் என்று சேலத்தில் எந்த அறுவை மருத்துவரும் சொல்வார். அதே கல் சியாச்சினில் 5,000 மீட்டருக்கு மேலே ஒரு காவல் முகாமில் பித்தக்குழாயை அடைத்தால், பனிப்புயல் ஓயும்வரை ஹெலிகாப்டர் வராது. அதனால்தான் ஸ்கேனில் கல் தெரிந்தாலே நிறுத்திவிடுகிறார்கள். மெடிக்கலில் நடக்கும் சோதனைகள் ஒவ்வொன்றுக்கும் பின்னால் இப்படி ஒரு கணக்கு இருக்கிறது. அது தெரிந்தால், வீட்டிலேயே ஒரு வருடம் முன்னால் எதைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பதும் தெரிந்துவிடும்.

கண்ணிலிருந்து தொடங்குகிறேன். பிள்ளைகள் அதிகம் அதிர்ந்துபோவது நிறப்பார்வைச் சோதனையில்தான். காரணம், அதுவரை தனக்கு அப்படி ஒன்று இருப்பதே அவர்களுக்குத் தெரியாது.

விழித்திரையில் நிறம் அறியும் கூம்புச் செல்கள் மூன்று வகை. ஒன்று நீல ஒளிக்கு அதிகம் அசைந்து கொடுப்பது. மற்ற இரண்டும் பச்சைக்கும் சிவப்புக்கும் என்று சொல்கிறோம். உண்மையில் அவை உச்சத்தில் உணரும் அலைநீளங்கள் 530, 560 நானோமீட்டர் அளவில், மிக அருகருகே இருக்கின்றன. இந்த இரண்டும் தரும் சமிக்ஞைகளுக்கு இடையிலான சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை சிவப்பையும் பச்சையையும் பிரிக்கிறது. இவற்றுக்கான மரபணுக்கள் எக்ஸ் குரோமோசோமில் அடுத்தடுத்து உட்கார்ந்திருப்பவை, ஏறக்குறைய ஒன்றுபோலவே எழுதப்பட்டவை. கருமுட்டை உருவாகும்போது ஒன்றுக்குப் பதில் இன்னொன்று மாறி ஒட்டிக்கொள்வது எளிது. அப்படி ஆனால் பிறக்கும் ஆண் குழந்தைக்குச் சிவப்பும் பச்சையும் குழம்பும். ஆணுக்கு ஒரே ஒரு எக்ஸ், அது அம்மாவிடமிருந்து வருவது.

அதனால் இதை வீட்டில் தேட வேண்டிய இடம் தாய்மாமன். அம்மாவுக்கு இந்தக் குறை வெளியே தெரியாது. அவருடைய இன்னொரு எக்ஸ் ஈடுகட்டிவிடும். அம்மாவின் அண்ணன் தம்பிகளில் ஒருவருக்கோ, அம்மாவின் அப்பாவுக்கோ இருந்தால் மகனுக்கும் வர வாய்ப்பு உண்டு. பெண்களுக்கு இது அரிது. ஆனால் நம் பக்கத்தில் தாய்மாமனையே கட்டிக்கொள்ளும் வழக்கம் இருந்த குடும்பங்களில், குறை உள்ள மாமனும் குறையைச் சுமக்கும் அக்காள் மகளும் சேர்ந்தால் மகளுக்கும் வரலாம். உச்ச நீதிமன்ற உத்தரவுக்குப் பிறகு 2022 முதல் பெண்களும் இந்த அகாடமியில் சேர்கிறார்கள். எனவே பெண் பிள்ளைகளும் இதைச் சோதித்துக்கொள்வது நல்லது.

இது ஏன் இத்தனை நாள் தெரியாமல் இருக்கிறது? ஏற்காட்டில் காப்பிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரு செடியைப் பாருங்கள். பச்சை இலைக்கு நடுவே சிவந்த பழம் பளிச்சென்று தெரிவது அந்த இரண்டு வகைக் கூம்புச் செல்களின் வேலை. குரங்கினம் இப்படிப் பார்க்கப் பழகியதே பழங்களையும் இளந்தளிர்களையும் கண்டுகொள்ளத்தான் என்ற கருத்து ஆய்வாளர்களிடையே வலுவாக உண்டு. நிறப்பார்வைக் குறை உள்ளவரும் அதே செடியில் பழம் பறிப்பார். பளபளப்பு, உருண்டை வடிவம், கொத்து இருக்கும் இடம், கைக்குத் தெரியும் மென்மை இவற்றை வைத்துப் பழுத்ததைக் கண்டுபிடித்துவிடுவார். டிராஃபிக் சிக்னலில் மேலே எரிந்தால் நிற்பார், கீழே எரிந்தால் போவார். மூளை எப்போதும் வேறு துப்புகளைக் கொண்டு வேலையை முடித்துக்கொள்கிறது.

அந்தத் துப்புகளை எல்லாம் பிடுங்கிவிடுவதுதான் இஷிஹாரா அட்டைகளின் சாமர்த்தியம். ஜப்பானியக் கண் மருத்துவர் ஷினோபு இஷிஹாரா, ராணுவத்துக்கு ஆள் எடுப்பதற்காகவே இதை உருவாக்கினார். 1917-ல் வெளியிட்டார். அட்டை முழுக்கப் புள்ளிகள், ஒவ்வொன்றும் வேறு அளவு, வேறு வெளிச்சம். வடிவத்தையோ பிரகாசத்தையோ வைத்து எண்ணைக் கண்டுபிடிக்க வழியே இல்லை, நிறம் ஒன்றுதான் வழி. முதல் அட்டையில் இருக்கும் 12 எல்லாருக்கும் தெரியும். அடுத்ததில் சாதாரணக் கண்ணுக்கு 8, குறை உள்ள கண்ணுக்கு 3. இன்னும் சில அட்டைகளில் சாதாரணக் கண்ணுக்கு எதுவும் தெரியாது, குறை உள்ளவருக்கு மட்டும் ஒரு எண் தெரியும். மனப்பாடம் செய்துகொண்டு போகிறவர்கள் உண்டு. அட்டைகளை வரிசை மாற்றிக் காட்டுவார்கள். அதற்கு மேல் இருட்டறையில் சின்னத் துளை வழியே விளக்கு நிறங்களைச் சொல்லச் சொல்லும் லாந்தர் சோதனையும் உண்டு. அங்கே பாடம் செய்தது உதவாது. இதற்கு மருந்தோ பயிற்சியோ கிடையாது, நிறக் கண்ணாடி அணிந்து போவதும் ஏற்கப்படாது. ஆனால் எவ்வளவு குறை என்பதைத் தரம் பிரிக்கிறார்கள். எந்தப் படைக்கு எந்தத் தரம் போதும் என்பதும் மாறும். பறக்கும் பிரிவு மிகக் கண்டிப்பானது. பத்தாம் வகுப்பிலேயே ஒரு கண் மருத்துவரிடம் இந்த அட்டைகளைப் பார்த்துவிட்டால், பிள்ளை எதற்குப் படிக்கிறது என்பது தெளிவாகிவிடும். சேலம் அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் கண் பிரிவில் கேட்டாலே போதும்.

கிட்டப்பார்வையின் கதை வேறு. நம் கண்விழி முன்னும் பின்னுமாக ஏறத்தாழ 24 மி.மீ. நீளம். அது ஒரு மி.மீ. கூடுதலாக வளர்ந்தாலே இரண்டரை டயாப்டருக்கு மேல் பவர் வந்துவிடும். தரைப்படை ஓரளவு கண்ணாடியை ஏற்கிறது, பறக்கும் பிரிவு கிட்டப்பார்வையை ஏற்பதில்லை. “லேசிக் பண்ணிட்டுப் போயிடலாமா சார்?” என்று கேட்காத பிள்ளை இல்லை. என் பதில் எப்போதும் ஒன்றுதான்: வேண்டாம். லேசிக் என்ற லேசர் அறுவை, கண்ணின் முன்னால் இருக்கும் அரை மி.மீ. தடிமனான கருவிழிப்படலத்தைச் செதுக்குகிறது. பின்னால் நீண்டுபோன விழியும், அதற்குள் இழுபட்டு மெலிந்த விழித்திரையும் அப்படியே இருக்கும். பலூனை ஊத ஊத ரப்பர் மெலிவதைப் போன்ற நிலைமை அது. மருத்துவர்கள் விழியின் நீளத்தையும் கருவிழியின் தடிமனையும் அளந்து இதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். மற்ற வழிகளில் அதிகாரியாகச் சேர்கிறவர்களுக்கே அறுவையின்போது 20 வயது முடிந்திருக்க வேண்டும் என்கிறது விதி. பத்தொன்பதரைக்குள் சேரும் இந்த அகாடமிக்கு அந்தக் கணக்கு ஒத்தே வராது. சிறு வயதில் வெளிச்சத்தில், வெட்டவெளியில் அதிக நேரம் விளையாடும் பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவது குறைகிறது என்று பல நாடுகளின் ஆய்வுகள் காட்டுகின்றன. தம்பி தங்கைகளுக்கு இப்போதே செய்யக்கூடியது அது.

காதுச் சோதனை பார்க்க எளிமையானது. பரிசோதகருக்கு முதுகைக் காட்டி, 610 செ.மீ. தள்ளி நிற்க வேண்டும். ஒரு காதை மூடியிருக்க, அவர் கிசுகிசுப்பதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். பிறகு மறு காது. கிசுகிசுக்கும்போது குரல்நாண் அதிர்வதில்லை. அதனால் தாழ்ந்த ஒலிகள் விலகி, மெய்யெழுத்துகளைச் சுமக்கும் உயர்ந்த ஒலிகளே மிஞ்சுகின்றன. வெடிச்சத்தமும் எந்திர இரைச்சலும் முதலில் தின்பது அந்த உயர்ந்த ஒலிகளைக் கேட்கும் திறனைத்தான்.

அதைவிட முக்கியம், காதுக்குள் விளக்கடித்துப் பார்க்கும்போது செவிப்பறை முழுசாக இருக்கிறதா என்பது. சேலத்துக் கிராமப் பிள்ளைகள் கிணற்றில் நீந்திப் பழகியவர்கள். உயரத்திலிருந்து குதித்துக் காதுப் பக்கமாகத் தண்ணீரில் அறைபட்டால், 0.1 மி.மீ. தடிமன்கூட வராத அந்தச் சவ்வு கிழியலாம். பெரும்பாலும் சில வாரங்களில் தானாக மூடிக்கொள்ளும். மூடுவதற்குள் அழுக்குத் தண்ணீர் போய்ச் சீழ் பிடித்தால் ஓட்டை நிலைத்துவிடும். குளிர்காலத்தில் காது ஒழுகுவதை “சின்ன வயசிலிருந்தே இருக்கு” என்று விட்டுவிடாதீர்கள். காதுக்குறும்பி அடைத்துச் செவிப்பறை தெரியாவிட்டாலும் தற்காலிகமாக நிறுத்திவிடுவார்கள். பட்ஸ் போட்டுக் குடைந்தால் அது இன்னும் உள்ளேதான் போகும். ஒரு காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் பத்து நிமிடத்தில் முடிகிற வேலை அது.

நம் ஊரில் இலவசமாக ஒரு சோதனையும் உண்டு. அடிவாரத்திலிருந்து 20 கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து பேருந்து ஏற்காட்டுக்குப் போகும்போது, ஏறத்தாழ 1,200 மீட்டர் ஏறுகிறோம். காற்றழுத்தம் 13 சதவீதம் அளவுக்குக் குறைகிறது. காது அடைக்கும், எச்சில் விழுங்கினால் ‘டப்’ என்று திறக்கும். தொண்டைக்கும் நடுக்காதுக்கும் இடையே உள்ள குழாய் திறந்து அழுத்தத்தைச் சமன் செய்கிறது. சளி இல்லாத நாளிலும், இறங்கும்போது ஒரு காது திறக்காமல் வலித்துக்கொண்டே இருந்தால், அந்தக் குழாயையும் மூக்கின் நடுத்தண்டு வளைந்திருக்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். போர் விமானம் இதே உயரத்தைக் கண்ணிமைக்கும் நேரத்தில் இறங்கிவிடும்.

எலும்புச் சோதனைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். முட்டிகளைச் சேர்த்து நிற்கும்போது ஆண்களுக்குக் கணுக்கால்களுக்கு இடையே 5 செ.மீ.க்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. கையை நீட்டும்போது முழங்கை வெளிப்பக்கம் வளையும் கோணம் ஆண்களுக்கு 15 டிகிரி, பெண்களுக்கு 18 டிகிரி வரை ஏற்கப்படும். மூட்டில் எடை ஒரு பக்கமாக விழுந்தால், முதுகில் பாரத்துடன் பல மாதம் ஓடும் பயிற்சியில் எலும்பு மயிரிழையாக விரிசல் விடும் என்பதால்தான் இந்த அளவுகள். வளர்ச்சி முடிந்த எலும்பை உடற்பயிற்சி நிமிர்த்தாது, இணையத்தில் காட்டும் பெல்ட்டுகளுக்குப் பணம் கொடுக்க வேண்டாம். ஆனால் தொடைச் சதை அதிகமாக இருப்பதால் மட்டும் இடைவெளி கூடித் தெரிகிறதென்றால் எடை குறைய அதுவும் குறையும். தட்டைப் பாதம் என்று பயப்படுகிறவர்கள் நுனிக்காலில் நின்று பாருங்கள். வளைவு தெரிந்து, பாதம் வலியில்லாமல் வளைந்து கொடுத்தால், ஓடவும் குதிக்கவும் முடிந்தால், அது தகுதிக் குறை ஆகாது.

நல்ல உழைப்பாளிப் பிள்ளைகளே மாட்டிக்கொள்ளும் இடம் ரத்தமும் சிறுநீரும். மெடிக்கலுக்கு முந்தின நாள்வரை மலைப்பாதையில் ஓடுவார்கள், தண்டால் எடுப்பார்கள். கடும் ஓட்டத்துக்குப் பிறகு சிறுநீரகம் தற்காலிகமாகப் புரதத்தையும் சில சமயம் ரத்த அணுக்களையும் கசியவிடும். ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும், ஆனால் அன்றைய சோதனைத் தாளில் அது சிறுநீரக நோய்போலத் தெரியும். பளு தூக்கியதால் நைந்த தசையிலிருந்து வரும் நொதிகளும், கல்லீரல் நொதிகள் என்று நாம் அளப்பவற்றில் சிலவும் ஒன்றே. அவை கீழே இறங்க ஒரு வாரம்கூட ஆகும். ஜிம்மில் வாங்கிய கிரியேட்டின் தூள், சிறுநீரகம் நன்றாக இருக்கும்போதே, அதன் வேலையைக் கணிக்க ரத்தத்தில் அளக்கும் கிரியாட்டினின் அளவை ஏற்றிக்காட்டும். அதனால் கடைசி ஒரு வாரம் ஓய்வெடுங்கள், தண்ணீர் குடியுங்கள், தூங்குங்கள். ரத்த அழுத்தம் தொடர்ந்து 140/90 அளவில் இருந்தால் தகுதி போய்விடும். பதற்றத்தில் ஏறுகிறதா, உண்மையிலேயே அதிகமா என்று பிரிக்க 24 மணி நேரமும் அளக்கும் கருவியைக் கட்டிப் பார்ப்பார்கள். முன்பு வந்த வலிப்பு, ஆஸ்துமா, அறுவைச் சிகிச்சை எதையும் படிவத்தில் மறைக்காதீர்கள். மறைத்தது பின்னால் தெரிந்தால் பயிற்சியின் நடுவிலேயே வெளியே அனுப்பிவிடுவார்கள்.

முதல் மருத்துவக் குழு ‘தற்காலிகத் தகுதியின்மை’ என்று எழுதினாலும் ‘நிரந்தரத் தகுதியின்மை’ என்று எழுதினாலும் கதை அங்கே முடிவதில்லை. மேல்முறையீட்டு மருத்துவக் குழுவுக்குப் போகலாம். அதற்கு 42 நாள் கெடு. அங்கே வேறு நிபுணர்கள், குறிப்பிட்ட அந்தக் குறையை மட்டும் மறுபடி பார்ப்பார்கள். காரணம் என்ன எழுதியிருக்கிறது என்று குழுவிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு, ஊர் திரும்பியதும் அதே துறை நிபுணரிடம் காட்ட வேண்டும். அங்கும் நிராகரித்தால் மறுஆய்வுக் குழு கேட்டு விண்ணப்பிக்கலாம். அது உரிமை அல்ல, தகுந்த காரணம் இருந்தால் மட்டும் அனுமதிப்பார்கள். யு.பி.எஸ்.சி. வெளியிடும் தரவரிசைப் பட்டியல் மெடிக்கல் முடிவைக் கணக்கில் எடுக்காமலே தயாராகிறது. ஆகவே மேல்முறையீடு நடக்கும்போதும் பிள்ளையின் இடம் பட்டியலில் அப்படியே இருக்கும்.

42 நாளில் ஒரு காதைச் சுத்தம் செய்யலாம், எடையைக் கொஞ்சம் குறைக்கலாம், ஒரு பல்லை அடைக்கலாம். மூக்குத் தண்டை நேராக்கும் அறுவை, செவிப்பறையை ஒட்டும் அறுவை, விரைவீக்கம், மூலம் இவையெல்லாம் ஆறி, குழுவின் கண்ணுக்கு நலமாகத் தெரிய அந்த நாட்கள் பற்றாது. இவற்றைப் பதினொன்றாம் வகுப்பு முடிந்த கோடை விடுமுறையில் செய்துகொள்வதே சரி. அளவுகள் அவ்வப்போது மாறும் என்பதால், அந்தந்த ஆண்டு யு.பி.எஸ்.சி. அறிவிக்கையின் மருத்துவப் பின்னிணைப்பை அச்செடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.