ரைசோபியம்: வேர்முடிச்சா, வேர்முண்டா?

பெங்களூரில் மார்கழி பிறந்தால் தெருவெல்லாம் அவரைக்காய்தான். எங்கள் மொட்டைமாடியிலும் அவரை போட்டிருந்தேன். ஒரு மாதச் செடி ஒன்றைத் தொட்டி மாற்றப் பெயர்த்தபோது, வேரில் கடுகும் மிளகும் ஒட்டினாற்போல உருண்டைகள். கீழ்வீட்டுக் கிருஷ்ணகிரி அக்கா பதறிவிட்டார். “வேர்முடிச்சு நோய்! போன வருஷம் என் தக்காளி இப்படித்தான் போச்சு. தூக்கிப் போடுங்க.”

அந்தப் பதற்றத்துக்குக் காரணம் ஒரு சொல். நூற்புழு தாக்கி வேர் வீங்குவதையும் வேர்முடிச்சு என்கிறோம்; பயறு, அவரை, நிலக்கடலை வேரில் ரைசோபியம் என்ற நுண்ணுயிர் குடியிருக்கும் உருண்டையையும் அப்படியே சொல்கிறோம். ஒன்று நோய், மற்றது வரம்.

ரைசோபியம் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர். ரைசா என்றால் வேர், பயோஸ் என்றால் வாழ்வு. 1888இல் நெதர்லாந்தின் பெய்ஜரிங்க் இந்த நுண்ணுயிரைப் பிரித்தெடுத்தார். மறு ஆண்டு ஜெர்மானியத் தாவரவியலாளர் ஃபிராங்க் இப்பெயரைச் சூட்டினார். அவரையில் குடியேறுபவை பெரும்பாலும் இதன் உறவுக்காரரான பிராடிரைசோபியம். பிராடி என்றால் மெதுவான. அவ்வினம் நிதானமாகவே பெருகும்.

‘வேர்வாழி’ என்று நேராகப் பெயர்த்தால் அழகுதான், ஆனால் பொருந்தாது. இவை வேரில்லாத மண்ணிலும் உயிரோடு கிடக்கும். வேர் கசியும் வேதிப்பொருளை உணர்ந்து உள்ளே புகுந்த பிறகே உருண்டை உண்டாகிறது. காற்றில் 78 விழுக்காடு நைட்ரஜன் இருந்தும் செடியால் அதை அப்படியே எடுக்க முடியாது. நுண்ணுயிர் அதை அம்மோனியாவாக்கித் தருகிறது, செடி சர்க்கரை கொடுக்கிறது. இந்த வேலையைச் செய்யும் நொதிக்கு ஆக்சிஜன் பட்டால் ஆகாது. அதனால் நம் இரத்தத்தில் உள்ளதைப் போன்ற ஒரு சிவப்புப் புரதம் உருண்டைக்குள் ஆக்சிஜனைக் கட்டுப்படுத்தி வைக்கிறது.

உருண்டைக்கு நான் சொல்வது வேர்முண்டு. ‘முண்டும் முடிச்சுமாக’ என்று நாம் சேர்த்தே பேசினாலும், முண்டு புடைத்து வெளியே நிற்பது, முடிச்சு இழையிலேயே விழுவது. வேரிலும் அதே வேறுபாடுதான். ரைசோபியத்தின் முண்டு பக்கவாட்டில் ஒட்டியிருக்கும், விரலால் தேய்த்தால் உதிரும். நூற்புழு முடிச்சோ வேரே வீங்கியது, உதிராது. ஆகவே நுண்ணுயிருக்கு ‘வேர்முண்டு நுண்ணுயிர்’ என்பதே சரியான தமிழ்.

அக்கா கையிலேயே ஒன்றை உதிர்த்து நகத்தால் கிள்ளிக் காட்டினேன். உள்ளே இளஞ்சிவப்பு.

“அதான் எங்க ஊர்ல கேழ்வரகு நடுவுல அவரை சால் விடுறாங்களா?” என்றார். செடியை மண்ணில் வைத்து, அவரே தண்ணீர் ஊற்றினார்.