குழாயில் தங்கிய கருவும் ஜெபக்கூட்டத்துத் தீர்ப்பும்

இந்த வருடம் இது மூன்றாவது.

செவ்வாய்க்கிழமை ஸ்கேனில் பார்த்தேன். ஏழு வாரக் கரு, கர்ப்பப்பைக்குள் அல்ல, சினைப்பையிலிருந்து கர்ப்பப்பைக்குப் போகும் வலது கருக்குழாயில், துடிப்போடு. அன்றைக்கே அட்மிஷன் போடச் சொன்னேன். "வீட்டுல ஒரு வார்த்த கேட்டுட்டு வந்துருதோம் டாக்டரம்மா" என்று கிளம்பியவர்கள், வியாழக்கிழமை இரவு பதினொன்றரைக்கு ஆட்டோவில் வந்து இறங்கினார்கள். நாடி 140. பி.பி. பிடிபடவே இல்லை. வயிற்றைத் திறந்தபோது ஒன்றரை லிட்டருக்கு மேல் ரத்தம் உள்ளே தேங்கிக் கிடந்தது. நான்கு யூனிட் ஏற்றினோம். பிழைத்துக்கொண்டாள். வயது இருபத்தாறு, வீட்டில் மூன்று வயதில் ஒரு மகன். (அவளிடம் கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதிருக்கச் சில விவரங்களை மாற்றியிருக்கிறேன்.)

இடைப்பட்ட இரண்டு நாளில் நடந்ததை ஐ.சி.யூ. வாசலில் நின்றபடி மாமியார் சொன்னார். ஜெபக்கூட்டம் நடத்தும் ஒரு அக்காவிடம் போயிருக்கிறார்கள். "உயிரு துடிக்குதுல்லா, எடுத்தா கொலைப் பாவம்னு சொன்னாவ டாக்டரம்மா. மூணு நாள் உபவாசம் இருந்தா கர்த்தர் பிள்ளையக் கர்ப்பப்பைக்கு எறக்கிருவாருன்னாவ." அழுதுகொண்டே சொன்னார். மருமகள் மேல் உயிரையே வைத்திருப்பவர். அவர்மேல் எனக்குக் கோபமில்லை. ஸ்கேன் ரிப்போர்ட்டைக்கூடப் பார்க்காமல் ஒரு பெண்ணின் உயிர்மேல் தீர்ப்புச் சொன்ன அந்த வாயின்மேல்தான் கோபம்.

திரும்பத் திரும்பச் சொல்லிக் களைத்துப்போன ஒன்றை இங்கே இன்னொரு முறை சொல்கிறேன். கருக்குழாயில் தங்கிய கருவை எடுப்பது, பிள்ளை வேண்டாம் என்று கலைப்பது அல்ல. அந்தக் கரு பிறக்கப்போவதில்லை. குழாயிலிருந்து பெயர்த்துக் கர்ப்பப்பையில் நடும் வைத்தியம் உலகத்தில் எங்கும் கிடையாது. "கொஞ்ச நாள் பொறுத்தால் தானாக இறங்கிவிடும்" என்பதும் கிடையாது. துடிப்பு இருப்பதால் அது வளர்கிறது, வளர்வதால் குழாய் வெடிக்கப்போகிறது. துடிப்பைக் காட்டி "பொறுங்கள்" என்கிறீர்களே, அந்தத் துடிப்பைப் பார்த்துத்தான் நான் "இன்றைக்கே" என்கிறேன். குழந்தையா, தாயா என்று தேர்ந்தெடுக்கும் இடமே இது இல்லை. ஒன்று, தாய் பிழைப்பாள். இல்லையென்றால் இருவருமே போவார்கள். மூன்றாவது வழி இருந்தால் எனக்கும் சொல்லுங்கள், நானும் ஜெபிக்கிறவள்தான்.

ஆம், நான் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, இன்றும் ஞாயிறு திருப்பலி தவறாதவள். கரு உருவான கணத்திலிருந்தே அது உயிர் என்று நம்புகிறவள். காரணமில்லாமல் கருவைக் கலைக்க நான் கை வைப்பதில்லை. கேட்டு வருகிறவரிடம் அன்றே வெளிப்படையாகச் சொல்லி, அதே நாளில் வேறு மருத்துவரிடம் அனுப்பிவிடுவேன். ஆகவே விசுவாசம் இல்லாதவள் பேசுகிறாள் என்று யாரும் இதைத் தள்ளிவிட வேண்டாம்.

அந்த அக்காவுக்குத் தெரியாதது, திருச்சபையே இப்படிச் சொல்லவில்லை என்பது. ஒரே செயலில் நல்ல விளைவும் தீய விளைவும் வந்து, நல்லதை நாடியே அதைச் செய்யும்போது அதை எப்படி எடைபோடுவது என்று புனித தாமஸ் அக்குவினாஸ் காலத்திலிருந்தே ஒரு சிந்தனை மரபு உண்டு. அந்த மரபில் நின்று, நோயுற்ற குழாயை அகற்றும் அறுவைச் சிகிச்சையைக் கத்தோலிக்க அறநெறியாளர்கள் பரவலாக ஏற்றுக்கொள்கிறார்கள். இயேசு சபைக் குரு ஒருவர் 1933-லேயே இதற்காகத் தனி நூல் எழுதினார். கருவின் வளர்ச்சியை நிறுத்தும் மெத்தோட்ரெக்ஸேட் ஊசி போடலாமா என்பதில் அவர்களுக்குள் இன்னும் விவாதம் உண்டு, அதை நான் மறைக்கவில்லை. ஆனால் "சும்மா விட்டுச் சாகவிடு" என்பது விவாதத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை. சீர்திருத்தச் சபைகளில் இன்னும் பலவகைக் கருத்துகள். இன்று கருக்கலைப்பைக் கடுமையாக எதிர்க்கும் அமெரிக்கத் தென் பாப்திஸ்து சபையே, 1971-ல் வன்புணர்ச்சி, தாயின் உடல்நலம் போன்ற காரணங்களுக்குச் சட்டம் இடம்தர வேண்டும் என்று தீர்மானம் போட்டது. பிற்பாடு அதற்கு வருத்தம் தெரிவித்தது. "பைபிள் சொல்கிறது" என்ற ஒற்றை வரியில் இத்தனை வரலாற்றையும் அடக்கிவிட முடியாது.

தெளிவில்லாத போதனை என்ன செய்யும் என்பதற்கு அயர்லாந்து சாட்சி. 1983-ல் அந்நாடு தன் அரசியலமைப்பில் எட்டாவது திருத்தமாக, கருவிலிருக்கும் உயிருக்குத் தாய்க்குச் சமமான வாழ்வுரிமையை எழுதிவைத்தது. 2012 அக்டோபரில் கால்வே நகரில், நம் கர்நாடகத்துப் பெலகாவியிலிருந்து போன 31 வயதுப் பல் மருத்துவர் சவிதா ஹலப்பனவர், 17-வது வாரத்தில் கரு தங்காது என்று தெரிந்த நிலையில், கலைத்துவிடுங்கள் என்று கேட்டார். கருவுக்குத் துடிப்பு இருக்கிறது என்று மறுத்தார்கள். "இது கத்தோலிக்க நாடு" என்று அவரிடம் சொன்னதை ஒரு செவிலியர் பின்னர் விசாரணையில் ஒப்புக்கொண்டார். ரத்தத்தில் கிருமி பரவி, அக்டோபர் 28-ல் சவிதா இறந்தார். அடுத்த மாதமே ஐரிஷ் ஆயர்கள், தாயின் உயிரைவிடக் கருவிலுள்ள குழந்தையின் உயிரே பெரிது என்று திருச்சபை ஒருபோதும் போதித்ததில்லை என்று அறிக்கை விட்டார்கள். சவிதா இந்து. அவருடைய உயிருக்கு மேலே வேறொருவருடைய விசுவாசம் நின்றது. 2018 மே 25-ல் மக்கள் வாக்களித்து அந்தத் திருத்தத்தை நீக்கினார்கள், 66.4 சதவீதம் பேர்.

இதைச் சொன்னால் "போதிக்கவே கூடாதா, எங்களுக்குப் பேச்சுரிமை இல்லையா" என்று கேட்கிறார்கள். உண்டு. பிரசங்கிக்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. கருக்கலைப்புக்கு எதிராக மேடை போட்டுப் பேசுங்கள், எழுதுங்கள், நோட்டீஸ் கொடுங்கள். உங்கள் வாயைக் கட்ட வேண்டும் என்று நான் சொல்ல மாட்டேன். வாயைக் கட்டினால் அது யார் வாயில் போய் முடியும் என்பதையும் அயர்லாந்து காட்டியிருக்கிறது. வெளிநாட்டில் எந்த மருத்துவமனைக்குப் போகலாம் என்று பெண்களுக்குத் தகவல் சொல்வதைக்கூட அங்கே நீதிமன்றம் தடுத்திருந்தது. 1992-ல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் அது கருத்துரிமை மீறல் என்றது. அதே ஆண்டு நவம்பரில் மக்களும் வாக்களித்து அந்தத் தகவல் உரிமையை அரசியலமைப்பிலேயே சேர்த்தார்கள். ஆகவே நீங்களும் பேசுங்கள், நானும் பேசுகிறேன். ஆனால் "கரு இறங்கிவிடும்" என்பது போதனை அல்ல, பொய்யான வைத்தியத் தகவல். நம் அரசியலமைப்பின் 25-வது பிரிவு மனசாட்சிச் சுதந்திரத்தையும் மதத்தைப் பரப்பும் உரிமையையும் தரும் அதே வாக்கியத்தில், பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டு என்றும் எழுதியிருக்கிறது. சுகாதாரம் என்ற சொல் அங்கே இருக்கிறது, எடுத்துப் பாருங்கள்.

அந்த மனசாட்சி யாருடையது? 1986-ல் உச்ச நீதிமன்றம், தேசியகீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற யெகோவாவின் சாட்சிகள் குடும்பத்துப் பிள்ளைகள் மூவரைக் கேரளப் பள்ளி வெளியேற்றியது தவறு என்றது. ஊரே பாடினாலும் அந்த மூன்று பிள்ளைகளின் மனசாட்சி அவர்களுடையது. கிறிஸ்தவர்கள் நாம் பெருமையோடு சொல்லும் தீர்ப்பு இது. அதே நியாயம் படுக்கையில் கிடக்கும் மருமகளுக்கும் உண்டு. சபையின் மனசாட்சி, மாமியாரின் மனசாட்சி, ஜெபக்கூட்டத்து அக்காவின் மனசாட்சி எதுவும் அவளுடையதுக்குப் பதிலாகாது.

சட்டமும் அதைத்தான் சொல்கிறது. 1971-ம் ஆண்டுக் கருக்கலைப்புச் சட்டப்படி, 18 வயது நிரம்பிய, மனநலம் உள்ள பெண்ணின் சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து சட்டத்தில் கிடையாது. (என் தொழிலில் இருப்பவர்களுக்கு: இல்லாத கையெழுத்துக்காக நள்ளிரவில் கணவரைத் தேட ஆள் அனுப்புவதை நாம் இன்னும் நிறுத்தவில்லை. வெட்கப்பட வேண்டிய விஷயம்.) 2021 திருத்தத்துக்குப் பிறகு 20 வாரம் வரை ஒரு மருத்துவரின் கருத்து, குறிப்பிட்ட சில நிலைகளில் 24 வாரம் வரை இருவரின் கருத்து. தாயின் உயிரைக் காக்க உடனே செய்ய வேண்டியிருந்தால் வாரக் கணக்கே இல்லை. பெண்ணின் பெயரை வெளியே சொல்லும் மருத்துவருக்கு ஓராண்டு வரை சிறை உண்டு. மணமாகாத பெண்ணுக்கும் இதே உரிமைதான் என்று 2022 செப்டம்பர் 29-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஏற்கெனவே கருக்கலைப்புச் செய்துவிட்டு, "எனக்கு மன்னிப்பே இல்லையாமே" என்று வருடக்கணக்காகத் திருப்பலியில் நன்மை (நற்கருணை) வாங்காமல் கோவிலின் கடைசி வரிசையில் உட்காரும் பெண்களையும் பார்க்கிறேன். அம்மா, யார் உங்களிடம் அப்படிச் சொன்னார்கள்? கருக்கலைப்புக்குத் திருச்சபைச் சட்டம் வைத்திருக்கும் தண்டனை, தன்னால் வந்துசேரும் சபைவிலக்கு. கடும் அச்சத்தில் செய்தவருக்கும், அப்படி ஒரு தண்டனை இருப்பதே தெரியாதவருக்கும் அது பொருந்தாது என்று அதே சட்டம் சொல்கிறது. இந்தப் பாவத்தை மன்னிக்கும் அதிகாரத்தை 2016 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் எல்லாக் குருக்களுக்கும் நிலையாகக் கொடுத்துவிட்டார். ஆயரைத் தேடிப் போக வேண்டியதில்லை. உங்கள் பங்குச் சாமியாரே போதும். தயவுசெய்து போங்கள்.

இனி, கேட்டுக்கொள்ள வேண்டியவை. நாள் தள்ளிப்போய், லேசாக ரத்தம் பட்டு, அடிவயிற்றில் ஒரு பக்கமாக வலித்தால் அன்றே ஸ்கேன். தோள்பட்டை நுனியில் வலி, தலைசுற்றல், மயக்கம் என்றால் ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காதீர்கள், நேராக ஆஸ்பத்திரி. வெளியே ரத்தம் போகவில்லையே என்று நினைக்காதீர்கள், அது உள்ளேதான் கொட்டும். மெடிக்கல் ஷாப்பில் கருக்கலைப்பு மாத்திரை வாங்கிப் போடாதீர்கள். அந்த மாத்திரை குழாய்க் கருவைக் கலைக்காது. ரத்தம் போவதைப் பார்த்து, கலைந்துவிட்டது என்று நம்பி வீட்டில் இருப்பீர்கள், குழாய் வெடிக்கும். ஒரு குழாயை எடுத்தாலும் மற்றதைக் கொண்டு பலருக்குப் பிள்ளை பிறக்கிறது. அடுத்த முறை ஆறாவது வாரத்திலேயே ஸ்கேனுக்கு வந்துவிடுங்கள். ரத்த வகை நெகட்டிவ் என்றால் அதற்கான ஆன்டி-டி ஊசி வேண்டுமா என்று கேட்காமல் வீட்டுக்குப் போகாதீர்கள்.

ஜெபம் செய்ய வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அட்மிஷன் போட்டுவிட்டு ஜெபியுங்கள். ஊசி ஏறிக்கொண்டிருக்கட்டும், ரத்தம் தயாராக இருக்கட்டும். பாஸ்டர் ஐயாவைப் பார்க்க வேண்டும் என்றால் அவரை இங்கே வரச் சொல்லுங்கள். ராத்திரி எந்நேரமானாலும் உள்ளே விடும்படி வாட்ச்மேனிடம் சொல்லி வைத்திருக்கிறேன். ஸ்கேன் ரிப்போர்ட்டை அவருக்கும் நானே விளக்குகிறேன்.