கிணற்று நீச்சல் கடலுக்குப் போதுமா?

கமுதிப் பக்கத்துத் தம்பி ஒருவன் பயிற்சிக்கு வந்தான். "நீச்சல் தெரியும்ணே, கிணத்துல தலைகீழா குதிப்பேன்" என்றான். சரி என்று மண்டபத்தில் பாக் நீரிணைப் பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் இறக்கி, கரையை ஒட்டியே நீந்தச் சொன்னேன். தலையைத் தூக்கிக்கொண்டு தண்ணீரைப் படபடவென அடித்தான். இருபது மீட்டருக்குள் மூச்சு வாங்கிவிட்டது. கிணற்றில் நாலு கை போட்டால் படி வந்துவிடும். கடலில் ஏது படி?

தலை மேலே போனால் இடுப்பும் காலும் கீழே இறங்கும், உடம்பே தடையாகிவிடும். அதனால் முதல் வாரம் நான் கைவீச்சே சொல்லித்தருவதில்லை, மல்லாந்து மிதப்பதுதான் பாடம். காது நனையத் தலையைச் சாய்த்து, நெஞ்சு நிறையக் காற்றை இழுத்து, கைகளை விரித்துக் கிடக்க வேண்டும். ஒரு லிட்டர் கடல்நீர் சுமார் 1025 கிராம் இருக்கும். கிணற்றுத் தண்ணீரைவிட அது நன்றாகவே தூக்கிக் கொடுக்கும்.

அடுத்தது தவளை நீச்சல். கையை இழுத்து, மூச்செடுத்து, காலை உதைத்து, அப்படியே வழுக்கிப் போக வேண்டும். அந்த வழுக்கலில்தான் ஓய்வு இருக்கிறது. அவசரக்காரர்கள் அதைத்தான் விட்டுவிடுகிறார்கள். எதிரே வரும் அலை, படகு, சொறிமீன் எல்லாம் கண்ணில் படுவதும் இதில்தான். கையை மாற்றி மாற்றி வீசும் ஃப்ரீஸ்டைல் வேகத்துக்கு. படகிலிருந்து விழுந்தவருக்குப் பத்து மீட்டரில் மிதவை தெரிந்தால் ஃப்ரீஸ்டைல் போடலாம். பட்டாம்பூச்சி நீச்சல் பார்க்க அழகு, ஆபத்தில் உதவாது.

1994-ல் பாக் நீரிணையை நீந்திக் கடந்த குற்றாலீசுவரனைச் சொல்லிப் பிள்ளைகளைச் சேர்க்க வரும் அப்பாக்கள் இன்றும் உண்டு. கூடவே துணைப்படகு போகும் என்பதை நான்தான் ஞாபகப்படுத்த வேண்டியிருக்கிறது.

தனுஷ்கோடியில், இரண்டு கடலும் சேரும் அரிச்சல்முனைப் பக்கம், பாக் நீரிணையைப் பெண் கடல், மன்னார் வளைகுடாவை ஆண் கடல் என்பார்கள். அதை நம்பி ஏமாறாதீர்கள். வாடைக்காற்று எழுந்தால் பெண் கடலும் சீறும். தண்ணீர் உள்ளே இழுத்தால் கரையைப் பார்த்து எதிர்த்து நீந்தாதீர்கள். முதலில் மல்லாந்து மூச்சைச் சீராக்குங்கள். அப்புறம் தவளை நீச்சலில் கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் போய், இழுப்பு விட்டதும் கரைக்குத் திரும்பலாம். வேறொருவர் தத்தளித்தால் நீந்திப் போய்ப் பிடிக்க வேண்டாம், உங்களையும் சேர்த்து அமுக்கிவிடுவார். கயிறோ மூடிய காலி கேனோ வீசுங்கள்.

மூன்றாம் வாரம் அந்தத் தம்பி கால் மணி நேரம் அசையாமல் மிதந்தான். எழுந்ததும், "அரிச்சல்முனையில எப்பண்ணே இறங்கலாம்?" என்றான்.

அங்கே நானே இறங்குவதில்லை.