கான்கிரீட்டுக்கு ஆரத்தி எடுத்தால்

திருவான்மியூரிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: "சார், எங்கள் அபார்ட்மென்ட் கட்டி 22 வருஷம்தான் ஆகிறது. அதற்குள் பால்கனிக்கு அடியில் காரை பெயர்ந்து கம்பி தெரிகிறது. ஊரில் தாத்தா கட்டிய சுண்ணாம்புக் காரை வீடு எண்பது வருஷமாக அப்படியே நிற்கிறது. சிமென்டில் கலப்படமா? இல்லை, பக்கத்து ஃபிளாட்காரர் சொல்வதுபோல வாஸ்து கோளாறா?"

வாஸ்துவை முதலில் முடித்துவிடுவோம். திசைக்கும் துருவுக்கும் தொடர்பு உண்டுதான். கடல் எந்தப் பக்கமோ அந்தப் பக்கத்து பால்கனி முதலில் கெடும். பூஜை அறை எந்த மூலையில் இருக்கிறது என்பது உப்புக் காற்றுக்குத் தெரியாது.

சிமென்டின் மீதும் எனக்குச் சந்தேகம் இல்லை. வீடு என் பேருந்து வழியில்தான் என்பதால் நேரிலேயே போய்ப் பார்த்தேன். விரிசல்கள் தாறுமாறாக ஓடவில்லை, கம்பி போகும் வழியிலேயே கோடு போட்டதுபோல ஓடின. சுத்தியலால் தட்டினால் நல்ல இடத்தில் 'டங்' என்றது, கெட்ட இடத்தில் காலி டப்பாபோல 'டொப்' என்றது. இது கம்பி வீங்கியதன் அடையாளம். இரும்பு துருவானால், தான் இருந்த இடத்தைப்போல இரண்டிலிருந்து ஆறு மடங்கு வரை இடம் கேட்கும். உள்ளே ஏது இடம்? கான்கிரீட்டை அழுத்தினால் நன்றாகத் தாங்கும், இழுத்தால் சட்டென்று விரிசல் விடும். இழுவையைத் தாங்கத்தான் உள்ளே கம்பி வைக்கிறோம். கடைசியில் அந்தக் கம்பியே உள்ளிருந்து இழுத்து உடைக்கிறது.

அப்படியானால் நியாயமாக வரவேண்டிய கேள்வி வேறு. கான்கிரீட் ஸ்பாஞ்சுபோல நுண்துளைகள் நிறைந்தது. துளைகளில் தண்ணீர் இருக்கிறது, காற்றும் கொஞ்சம் இருக்கிறது. மொட்டைமாடியில் போட்ட ஆணி ஒரே மழையில் சிவந்துவிடும்போது, தண்ணீருக்குள் கிடக்கும் கம்பி இருபது வருஷமாவது எப்படித் தாக்குப்பிடித்தது?

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதுதான். சிமென்ட் தண்ணீரோடு சேர்ந்து இறுகும்போது சுண்ணாம்பு, அதாவது கால்சியம் ஹைட்ராக்சைடு, நிறைய உண்டாகிறது. அதனால் துளைகளில் இருக்கும் தண்ணீர் கடுமையான காரமாகிவிடும், பிஎச் 12.5க்கும் மேல். அந்தக் காரத்தில் இரும்பின் மேல் ஒரு ஆக்சைடு படலம் உருவாகிறது. தடிமன் சில நானோமீட்டர்தான். ஒரு தலைமுடியின் குறுக்கே பத்தாயிரம் படலங்களை அடுக்கலாம். ஒருவகையில் அதுவும் துருவுக்கு உறவுதான், ஆனால் உதிராத துரு. இரும்போடு ஒட்டிக்கொண்டு காவல் காக்கும். எங்காவது கீறல் விழுந்தால் கீழே இருக்கும் இரும்பிலிருந்தே தன்னைச் சரிசெய்துகொள்ளும். யாரும் டச்-அப் பெயின்ட் அடிக்க வேண்டாம். படலம் நன்றாக இருக்கும்வரை கம்பி அரிக்கும் வேகம் ஆண்டுக்கு ஒரு மைக்ரோமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. ஆயிரம் வருஷம் போனாலும் 0.1 மில்லிமீட்டர்தான் குறையும். 1867இல் கம்பியும் சிமென்டும் சேர்த்துப் பூந்தொட்டி செய்து காப்புரிமை வாங்கிய பிரெஞ்சுத் தோட்டக்காரர் ஜோசப் மோனியருக்கு இந்தப் படலம் பற்றித் தெரிந்திருக்க வழியில்லை. அவருக்கு அது இலவசமாகக் கிடைத்தது.

சரி, இந்தக் காவலைக் கெடுப்பவர்கள் இரண்டு பேர்.

முதல் ஆள் காற்றில் இருக்கும் கரியமில வாயு. அது துளை வழியாக உள்ளே போய்ச் சுண்ணாம்பைச் சுண்ணாம்புக்கல்லாக மாற்றிவிடுகிறது. காரம் இறங்கி பிஎச் 9க்குக் கீழே வந்துவிடும். இப்படிக் காரம் செத்த பகுதி வெளியிலிருந்து உள்ளே நகர்ந்துகொண்டே வரும், அதன் எல்லை கம்பியைத் தொடும் நாளில் படலம் கரைய ஆரம்பிக்கும்.

அந்த எல்லையைக் கண்ணாலேயே பார்க்கலாம். பொறியாளர்கள் புதிதாக உடைத்த பரப்பில் பினாப்தலீன் தெளிப்பார்கள். காரம் இருக்கும் இடம் அடர்ந்த இளஞ்சிவப்பாகும், செத்த இடம் நிறம் மாறாது. நம் வீடுகளில் இதற்கு இன்னும் பழைய கரைசல் ஒன்று இருக்கிறது. ஆரத்தித் தட்டில் மஞ்சள் தண்ணீரில் துளி சுண்ணாம்பு விட்டதும் சிவக்கிறதே, அதே வேதியியல்தான். கரோனா காலத்தில் வாங்கி மிச்சமிருந்த திரவ சானிடைசரில் மஞ்சள்தூளைக் கலக்கி வடிகட்டினேன். வாசகர் வீட்டு பால்கனியில் உடைத்தெடுத்த உள்ளங்கை அளவு துண்டில், உடைந்த முகத்தின் தூசியைத் தட்டிவிட்டுச் சொட்டுச் சொட்டாக விட்டேன். வெளி ஓரம் மஞ்சளாகவே இருந்தது. உள்பக்கம் சில நொடிகளில் செங்கல் சிவப்பு. இரண்டுக்கும் நடுவே வரப்புபோலத் தெளிவான கோடு. வெளி விளிம்பிலிருந்து அளந்தால் 14 மில்லிமீட்டர். கம்பி பதிந்திருந்த பள்ளம் 12 மில்லிமீட்டரில் இருந்தது! வாசகரின் மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "இதுக்கா இவ்ளோ வருஷம் மெயின்டனன்ஸ் கட்டினோம்?" என்றார்.

தாத்தா வீட்டு விஷயமும் இங்கேயே இருக்கிறது. சுண்ணாம்புக் காரை இறுகுவதே கரியமில வாயுவைக் குடித்துத்தான். எந்த வினை பால்கனியைக் கெடுக்கிறதோ அதே வினைதான் அந்தச் சுவரை வருஷாவருஷம் கெட்டியாக்குகிறது. அதற்குள் கம்பி இல்லை, அவ்வளவுதான் ரகசியம். பழைய மெட்ராஸ் டெரஸ் மாடியில் மர உத்தரத்தின் மேல் செங்கல்லை நிறுத்தி அடுக்கி, மேலே சுண்ணாம்புக் கலவை போடுவார்கள். துருப்பிடிக்க அதில் என்ன இருக்கிறது? அந்தக் காலத்து ஆட்கள் ஞானிகள் என்பதெல்லாம் இல்லை. ஆறடி வெளியே நீட்டிய பால்கனியை அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

கரியமில வாயு உள்ளே போகும் வேகம் சீரானது அல்ல, ஆழம் காலத்தின் வர்க்கமூலத்தை ஒட்டிப் போகும். 10 மில்லிமீட்டர் போக 10 வருஷம் ஆனால், 20 மில்லிமீட்டர் போக 20 வருஷம் அல்ல, 40 வருஷம். திருப்பிச் சொன்னால், 20 மில்லிமீட்டர் கவர், அதாவது கம்பியை மூடியிருக்கும் கான்கிரீட்டின் கனம், இருக்கவேண்டிய இடத்தில் 10 மட்டும் இருந்தால், பாதி ஆயுள் அல்ல, முக்கால்வாசி ஆயுள் போச்சு. நம் தரநிலையான ஐஎஸ் 456 பாதிப்பு மிகக் குறைந்த சூழலுக்கு 20 மில்லிமீட்டரில் தொடங்கி, கடலோர நிலைமைக்கேற்ப 45, 50 என்று ஏற்றிக்கொண்டு போவது இதனால்தான். ஆனால் தளம் போடும் நாளில் நடப்பது வேறு. கம்பியைத் தூக்கிப் பிடிக்கும் கவர் பிளாக் வைக்கவேண்டிய இடத்தில் ஒரு ஜல்லித் துண்டு இருக்கும். சட்டியைச் சுமந்துகொண்டு ஆட்கள் கம்பி மேலேயே நடப்பார்கள், ஜல்லி நழுவிப் போகும், கம்பி சென்ட்ரிங் பலகையில் போய்ப் படுத்துக்கொள்ளும். ஒரு கவர் பிளாக் சில ரூபாய்தான். வாசற்படிக்கு நல்ல நேரம் பார்ப்பதில் பத்தில் ஒரு பங்கு அக்கறையோடு அன்று காலை ஒரு ஸ்கேலை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்தால் போதும்.

இரண்டாவது ஆள் உப்பு, சரியாகச் சொன்னால் குளோரைடு. இதற்குக் காரம் குறையும்வரை காத்திருக்கப் பொறுமை கிடையாது. படலத்தில் பலவீனமான ஒரு புள்ளியைத் துளைத்துவிடும். துளைத்த இடத்தில் இரும்பு கரையும், சுற்றியிருக்கும் நல்ல கம்பி முழுவதும் பேட்டரியின் மறுமுனையாகிவிடும். பெரிய மறுமுனை, சின்னக் குழி. எனவே அரிப்பெல்லாம் அந்தக் குழியில் குவியும். இதில் குளோரைடு செலவாவதே இல்லை என்பதுதான் கொடுமை. பரிசல்காரர்போல இரும்பு அயனியை ஏற்றிக்கொண்டு போய் வெளியே இறக்கிவிட்டு, அடுத்த சவாரிக்குக் காலிப் பரிசலோடு திரும்பிவிடும். அதனால்தான் ஒரு கன மீட்டர் கான்கிரீட்டில், அதாவது ஏறக்குறைய 2,400 கிலோவில், குளோரைடு 0.6 கிலோவுக்கு மேல் கூடாது என்கிறது தரநிலை. உப்புக் கரிக்கும் போர்வெல் தண்ணீரிலேயே கலவை போட்டு, அதையே தளத்தில் பாத்தி கட்டித் தேக்கினால் கணக்கு எங்கே நிற்கும்? வாசகர் வீட்டு பால்கனியின் மறுகோடியில் மஞ்சள் நன்றாகவே சிவந்தது, ஆனால் கம்பியில் குழி. குழிக்குள் கரும்பச்சையாக ஏதோ ஈரமாக இருந்தது. காற்றுப் பட்டதும் கண்ணெதிரே பழுப்பாக மாறியது.

இந்த ஆராய்ச்சியில் நம் பக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து, 1948இல் அடிக்கல் நாட்டப்பட்ட காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆய்வு நிலையம், கம்பிக்கான பூச்சுகளில் நெடுங்காலம் உழைத்திருக்கிறது. மண்டபம் கடற்கரையில் உலோகங்களைக் காயப்போட்டுப் பார்க்கும் அதன் நிலையமும் உண்டு. பூச்சு என்றதும் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் ஃப்ளோரிடா கீஸ் தீவுகளின் பாலங்களுக்கு எபாக்சி என்ற பிசின் பூசிய கம்பி போட்டார்கள். கட்டி ஆறேழு வருஷத்திலேயே, 1986இல், துரு தென்பட்டது. சின்னக் கீறல் ஒன்று இருந்தால் போதும், உப்பு அங்கே போய் உட்கார்ந்துகொள்ளும். எபாக்சி கம்பியைக் கட்டட வளாகத்தில் வெயிலில் போட்டுவைத்தால் பூச்சு சுருங்கி வெடிக்கும் என்பதைச் சென்னை ஐஐடி ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். நம் ஊர் கட்டுமானத் தளங்களில் கம்பி எங்கே கிடக்கிறது என்பதை நான் சொல்லவேண்டியதில்லை. மெக்சிகோவின் ப்ரோக்ரெசோவில் 1937 முதல் 1941 வரை எவர்சில்வர் கம்பி போட்டுக் கட்டிய கடற்பாலம் இன்னும் நிற்கிறது. பின்னால் சாதாரணக் கம்பியில் கட்டிய பக்கத்துப் பாலம் உப்பில் அழிந்துபோனது. 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் ரயில் பாலத்தில் எவர்சில்வர் கம்பி போட்டது வீண் ஆடம்பரம் அல்ல.

என் புலம்பல் ஒன்று. கான்கிரீட்டை உப்புத் தண்ணீரில் போட்டு வேடிக்கை பார்க்க இருபது வருஷம் வேண்டும். ஆய்வுத் திட்டங்களுக்குப் பணம் பெரும்பாலும் மூன்று வருஷத்துக்குத்தான் தருகிறார்கள். மாணவர் பட்டம் வாங்கிப் போனதும் மாதிரிகள் கூரைமேல் அனாதையாகக் கிடக்கும். கோடிக்கணக்கில் பாலம் கட்டுகிறவர்கள், அந்தக் கூரைக்கு ஒரு காவலாளியின் சம்பளமாவது ஒதுக்கலாம்.

வாசகருக்கு இனி நடைமுறைப் பதில். மேலே சிமென்ட் பூசி மறைக்காதீர்கள். கம்பியின் பின்பக்கம் விரல் போகும்வரை உடைக்க வேண்டும், பளபளப்பு வரும்வரை துருவைத் தேய்க்க வேண்டும், மெலிந்த கம்பிக்குத் துணைக்கம்பி கட்ட வேண்டும். உப்பு ஏறிய இடத்தில் இன்னொரு சிக்கலும் உண்டு. இதுவரை துருப்பிடித்த துண்டு தன்னைக் கொடுத்துப் பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருந்தது. அதை மட்டும் சரிசெய்தால், ஒட்டுப் போட்ட விளிம்புக்கு வெளியே அடுத்த குழி விழ ஆரம்பிக்கும். எனவே காரம் எதுவரை செத்திருக்கிறது, உப்பு எதுவரை ஏறியிருக்கிறது என்ற எல்லைகளை முதலில் கண்டுபிடிக்க வேண்டும்.

பழுது பார்க்க வந்த மேஸ்திரி அந்தச் சிவந்த துண்டைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "ஏன் சார், பூஜை போட்டுட்டீங்களா?" என்றார். விஷயத்தைச் சொன்னேன். தலையாட்டிவிட்டு வேலையைப் பார்த்தார். அரைமணி நேரம் கழித்து இரண்டாவது பால்கனியில் உளியை நிறுத்திவிட்டு, "சார், அந்த மஞ்சத் தண்ணி பாட்டிலைக் கொஞ்சம் குடுங்க" என்று கை நீட்டினார்.